கிராணி குடித்துக் காட்டிய தண்ணீர்

தம்பி, இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தாலும் உங்கள் தோட்டத்து ஆபீசில் யாராவது ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன் கையில் கொடுத்திருப்பார்கள். அந்தச் சிரமம் அவர்களுக்கு வேண்டாம். பெரிய கிராணி படிக்கட்டும், துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்லட்டும். லயத்து வரிசை வீடுகளில் எழுத்துத் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் நீயே படித்துக் காட்டு. இங்கு யாவரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று தொடங்குவதுதான் முறை. நான் சுகமாக இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து பேசிவிட்டுப் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் பெண்டாட்டி தங்கம் மட்டும் சுகமாக இருக்கிறாள். வயிற்றுப் பிள்ளை நன்றாக உதைக்கிறது. அந்தச் சுகம் கெடக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நீ என்ன சொல்லிவிட்டுப் போனாய் என்பதை உனக்கே நினைவூட்டுகிறேன். உனக்கு ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி வேலை கிடைத்திருக்கிறது. சந்தோஷம். அதுவும் கிள்ளானுக்கு அந்தப் பக்கம், நானும் உன் அப்பாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அதே தோட்டத்தில். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த கையோடு உனக்குத் தனி வீடு கொடுத்துவிட்டார்கள் என்றாய். அங்கே உனக்கு முன்னால் சேர்ந்தவர்கள் ஒற்றை அறையில் இருவராகப் படுத்திருக்க, நேற்று வந்தவனுக்கு எதற்குத் தனி வீடு என்று கேட்டேன். "குடும்பஸ்தன்மா நான், அதான் குடுத்தாங்க" என்றாய். பிரசவம் முடியட்டும், பிறகு அழைத்துப் போ, பெற்றவள் இல்லாத பெண், இங்கே நான் இருக்கிறேன் என்றேன். அப்போதுதான் உன் வாயிலிருந்து அது வந்தது. "இல்லம்மா, இந்த மாசமே கூட்டிட்டு வரச் சொல்றாரு தொரை. புதுசா கெணறு வெட்டியிருக்கு. லயத்துல கொஞ்ச பேரு அந்தத் தண்ணி வேணாம்னு மொரண்டு புடிக்கிறாங்க. சுகாதார அதிகாரி வேற வரப்போறாரு. நாம குடும்பத்தோட எல்லார் முன்னாலயும் மொதல்ல குடிச்சா அவங்களும் குடிச்சிருவாங்கல்ல?"

நீ அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குப் பயம் வந்தது. நான் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டேன். நீ அதைக் கோபம் என்று நினைத்திருப்பாய்.

நான் படித்தவள் இல்லை. கடலை மடித்து வந்த பத்திரிகைக் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் பழகியவள். ஆனால் தண்ணீர் விஷயத்தில் உன்னைவிட எனக்குப் பழக்கம் அதிகம். கப்பலில் வந்து இறங்கிய புதிதில் உன் அப்பாவுக்கு ரயில் பாதை போடும் வேலை. நான் இப்போது இருக்கும் இதே பிரிக்பீல்ட்ஸில்தான், ஆற்றுக்கரையில் குடிசை. குழாய் எங்கள் வரிசைக்கு அப்போது வரவில்லை. மேலே ஈயச் சுரங்கங்களில் மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்துக் கரைத்து ஆற்றில் விடுவார்கள். கிள்ளான் ஆறு தேநீரில் பால் ஊற்றிய நிறத்தில் வரும். குடத்தில் மொண்டு வைத்தால் அடியில் விரல்கட்டை உயரத்துக்குச் சேறு தங்கும். ஊரிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்பக்கம் தேய்த்து வைப்போம். ஒரு பொழுதுக்குள் மண் கீழே இறங்கி மேல் தண்ணீர் தெளிந்துவிடும். எங்களுக்குத் தெரிந்த கெட்ட தண்ணீர் கலங்கிய தண்ணீர். தெளிந்துவிட்டால் அது நல்ல தண்ணீர். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கையோடுதான் தோட்டத்துக்குப் போனோம்.

தோட்டத்துக் கிணற்றை முதலில் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட இல்லை. எட்டிப் பார்த்தால் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். தேத்தாங்கொட்டை முடிச்சைத் தூக்கி அடுக்குப் பானைக்குள் போட்டுவிட்டேன். இனி இது எதற்கு என்று நினைத்தேன். உன் அக்கா பவளம் அங்கேதான் நடை பழகினாள். நீயும் அங்கேதான் பிறந்தாய்.

நீ பிறந்த சமயத்தில் பழைய ஆலையை இடித்துப் பெரிதாகக் கட்டினார்கள். பாலை உறைய வைக்கத் திராவகம் ஊற்றுவார்கள், அது உனக்குத் தெரியும். கட்டியை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் புளித்த நீரும், தொட்டி கழுவிய நீரும் வெளியே போக வேண்டும். முன்பெல்லாம் அது துரை பங்களாவின் அடிவாரத்தைச் சுற்றி, நீண்ட வாய்க்காலில் போய், லயத்துக்கு வெகு கீழே ஓடையில் விழும். ஆலை பெரிதானதும் நாற்றமும் பெரிதானது. அழுகிய முட்டை நாற்றம். பங்களாவில் வெள்ளைக்கார அம்மாவுக்குத் தலைவலி வந்ததாகச் சொன்னார்கள். அடுத்த வாரமே கங்காணி ஆட்களைக் கூட்டிப்போய், வேறு பக்கமாகக் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டச் சொன்னார். அந்த வாய்க்கால் எங்கள் கிணற்றுக்கு மேல்பக்கமாக வந்தது. வெட்டியவர்களில் உன் அப்பாவும் ஒருவர். லயத்துக்குக் கக்கூஸ் கிடையாது. ஜனங்கள் ஒதுங்குவதும் அந்த மேட்டுப் புதரில்தான். மழை பெய்தால் அதெல்லாம் வழிந்து அதே வாய்க்காலில் சேரும், வாய்க்கால் நிரம்பிக் கிணற்றடி வரைக்கும் நிற்கும். கிணற்றுக்குச் சுண்ணாம்புப் பூச்சு இல்லை, வெறும் செங்கல் அடுக்கு.

முதலில் ஓடையில் மீன் மிதந்தது. கம்பத்து, அதாவது பக்கத்துக் கிராமத்து, மலாய்க்காரர் ஒருவர் தூண்டிலோடு வருவார். அவர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆயர் பூசோக்" என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் நாறிவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகு அவர் வரவேயில்லை. அதைக் கேட்டு எங்கள் ஆட்கள், ஓடைதானே நாறுகிறது, கிணறு நாறவில்லையே என்றார்கள். உண்மைதான். மண் வடிகட்டிக் கொடுத்ததால் கிணற்றுத் தண்ணீர் அப்போதும் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. கூழாங்கல் தெரிந்தது. இன்னொன்றும் நடந்தது. பித்தளைக் குடங்கள் உள்ளே பளபளவென்று மின்ன ஆரம்பித்தன. "புளி போட்டுத் தேய்க்காமலே எப்படி மினுக்குது பாரு. ராசியான தண்ணி" என்று கிணற்றடியில் பெண்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். புளி போடாமல் பித்தளை ஏன் வெளுக்க வேண்டும் என்று நான் ஒருத்திதான் கேட்டேன். "ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு குத்தம்" என்றார்கள். காலையில் வடித்த சோறு சாயங்காலத்துக்குள் புளித்தது. துணி துவைக்கிறவர்களின் விரலிடுக்கில் புண் வந்தது. பிறகு வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. அம்மனுக்குக் கூழ் ஊற்றாததுதான் காரணம் என்று ஒரு கட்சி. கிணற்றுக்குள் வேப்பிலையும் மஞ்சளும் கரைத்துக் கொட்டினார்கள். தண்ணீர் இரண்டு நாள் மஞ்சளாக இருந்து மறுபடி தெளிந்தது. தெளிந்ததும் எல்லோரும் குடித்தார்கள்.

நான் மட்டும் தகரக் கூரையில் விழும் மழைத் தண்ணீரைப் பிடித்துக் காய்ச்ச ஆரம்பித்தேன். என்னைப் பார்த்து இன்னும் சில வீட்டுப் பெண்களும் அப்படிச் செய்தார்கள். அது ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. யார் போய்ச் சொன்னது என்பதில் எனக்கு ஒரு ஊகம் உண்டு. அந்த ஆள் இன்றும் உயிரோடு இருப்பதால் எழுதவில்லை. மறுநாள் விடியலில் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் எங்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் இடத்தில், அப்போதிருந்த கிராணி ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றார். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி. நாலு மொழி தெரிந்தவர். எங்கள் கண் எதிரிலேயே கிணற்றில் ஒரு வாளி இழுக்கச் செய்து, டம்ளரில் மொண்டு, அண்ணாந்து மடமடவென்று குடித்தார். "பாத்தீங்கல்ல? எனக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆவல. இந்தத் தண்ணியக் கெட்ட தண்ணின்னு எவளாவது சொன்னா எங்கிட்ட வந்து சொல்லச் சொல்லுங்க."

கூட்டத்திலிருந்து ஒருவன், "கிராணி ஐயா, எறங்காதீங்க, ஒரு கொடம் மொண்டுகிட்டு வரேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், கிராணியும் சிரித்தார். ஆனால் சிரித்ததோடு சந்தேகமும் போய்விட்டது. அவ்வளவு படித்த மனிதர், நம் மொழி பேசுகிறவர், நம் முன்னால் குடிக்கிறார் என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும். துரை குடித்துக் காட்டியிருந்தால் ஒருவேளை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அதனால்தான் துரை குடிக்கவில்லை. நம்முடைய ஆளைக் குடிக்க வைத்தார். இதை நீ நன்றாக யோசித்துப் பார்.

நான் அந்த மனிதரின் கையைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்த்தேன். அவர் மனைவியை நான் ஒரு நாளும் கிணற்றடியில் பார்த்ததில்லை. வேலைக்காரியையும் பார்த்ததில்லை. முறத்தில் உளுந்து புடைத்துக் கொடுக்கிறேன் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுப் பின்கட்டுக்குப் போனேன். ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. மேலே சாக்கு போட்டு மூடியிருந்தது. சாக்கை விலக்கினால் பீப்பாய். பீப்பாய் நிறையத் தண்ணீர்.

"என்னங்கம்மா இது?"

"அது... பங்களா தொட்டியில புடிக்கிற மழத்தண்ணி. இவருக்குக் கெணத்துத் தண்ணி வயித்துக்கு ஆவாது. சின்ன வயசுலேருந்தே அப்படி."

"அன்னைக்கி டம்ளர்ல குடிச்சாரே?"

அந்த அம்மாள் உளுந்தைப் பார்த்தாள். "ஒரு டம்ளரு தானே" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ இதக் கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிராத. நானும் சொல்லல" என்றாள்.

நான் சொன்னேன். அன்றைக்கே உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டே, "நீ எதத்தான் நம்புன? தாலி கட்டின மறுநாளே அது தங்கமான்னு ஒரசிப் பாத்தவதானே" என்றார். தாலியை உரசிப் பார்த்தது உண்மை. அதில் பாதி செம்பு என்பதும் உண்மை. கிணற்றடியில் சொன்னேன். "கிராணி வீட்டு மேல ஒனக்குப் பொறாம" என்றார்கள்.

என் வீட்டில் நான் காய்ச்சிய தண்ணீரைத்தான் கொடுத்தேன். ஆனால் விடியலில் பால் வெட்டப் போனால் மத்தியானம்தான் திரும்ப முடியும். கைப்பிள்ளையான உன்னை முதுகில் கட்டிக்கொண்டு, பவளத்தை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் போவேன். நடக்கிற பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் இருந்தன, அஞ்சலை என்கிற கிழவி பார்த்துக்கொண்டாள். நான் தினமும் ஒரு சொம்பில் காய்ச்சின தண்ணீர் கொடுத்து, இதைத்தான் இவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவேன். சொம்பு காலியாகத் திரும்பி வரும். நான் நம்பினேன். என் ஆயுளில் நான் விசாரிக்காமல் நம்பியது அது ஒன்றைத்தான். பவளத்துக்குப் பேதி கண்டபோது அஞ்சலையைப் பிடித்து உலுக்கினேன். "ஒம் புள்ளைக்கி மட்டும் தனித் தண்ணியா? அது காணாம எல்லாப் புள்ளையும் அழுவுது. பத்துப் புள்ளைக்கும் பகுந்து ஊத்துனேன். பத்தாததுக்குக் கெணத்துத் தண்ணி குடுத்தேன். கிராணியே குடிக்கிறாரே, ஒம் மவ என்ன அவரவிடப் பெரிய எடமா?" என்றாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொய்யாக்காய் தின்றதுதான் காரணம் என்று சொன்னார்கள். கொட்டகையைச் சுற்றிக் கொய்யா மரமே கிடையாது. உன் அக்கா போய்விட்டாள். அஞ்சலையின் பேரனும் அதே மாதம் போனான். அதற்காக நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிக்கவில்லை. ஆனால் அவளுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது எது என்பது எனக்குத் தெரியும். நீ அப்போது தாய்ப்பால் மட்டும் குடிக்கிறவன். அதனால்தான் இன்றைக்கு என்னை எதிர்த்துப் பேச நீ இருக்கிறாய்.

உன் அப்பா அதன்பிறகு அந்தத் தோட்டத்தில் இருக்கவில்லை. சம்பள நாள்கூட வரவில்லை, எங்களைக் கூட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கே திரும்பி ரயில்வேயில் சேர்ந்துகொண்டார். அப்போது இங்கே குழாய் வந்துவிட்டது. மலையிலிருந்து வரும் நல்ல தண்ணீர் என்றார்கள். சாகும்வரை அவர் குழாயடியில் கை ஏந்திக் குடித்து நான் பார்த்ததில்லை. நான் காய்ச்சி ஆற்றி என் கையால் கொடுத்தால்தான் குடிப்பார்.

நீ என்னை மடக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு கேள்வி கேட்டாய். "ஒங்க மாட்டுச் சாணியும் மூத்தரமும் எங்கம்மா போவுது? சாக்கடைக்கி, சாக்கடையிலேருந்து ஆத்துக்கு, ஆத்துலேருந்து கிள்ளானுக்குத்தானே வருது? எங்களுக்குத்தானே அனுப்புறீங்க?" தங்கம்கூடச் சிரித்தாள். சரி, ஒப்புக்கொள்கிறேன். நாலு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவள் நான். கொட்டில் கழுவின தண்ணீர் ஆற்றுக்குத்தான் போகிறது. மேலே இருக்கும் ஈயச் சுரங்கக்காரன் மண்ணை எனக்கு அனுப்புகிறான், நான் சாணியைக் கீழே அனுப்புகிறேன், கீழே இருக்கிறவன் அதோடு தன்னுடையதையும் சேர்த்துக் கடலுக்கு அனுப்புகிறான். ஆற்றங்கரையில் இருக்கிற ஒவ்வொருவனும் தனக்குக் கீழே ஆளே இல்லை என்று நினைத்துக்கொள்கிறான். நீ போன மறுநாள் கொட்டிலுக்குப் பின்னால் குழி வெட்ட ஆள் விட்டேன். நீ சொன்னதற்காக இல்லை, எருவாகும் என்பதற்காக. ஆனால் ஒன்று. என் சாக்கடைத் தண்ணீரை டம்ளரில் மொண்டு நான் யாருக்கும் நீட்டியதில்லை. இது நல்லது, குடி, என் மகனே குடிக்கிறான் பார் என்று சொன்னதில்லை. அழுக்குப் பண்ணுவது ஒரு தப்பு. அதை அழுக்கில்லை என்று சொல்ல ஆள் பிடிப்பது வேறு தப்பு. அந்த ஆளாக உன்னைப் பிடித்திருக்கிறார்கள்.

ஏன் உன்னை என்று எனக்குப் புரிகிறது. தோட்டத்தில் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கிணற்றால் பிள்ளை பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் முரண்டு பிடிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தண்ணீர் கெட்டது என்று அன்றைக்கு வாய்விட்டுச் சொன்னவளின் மகனே, அதுவும் கர்ப்பிணிப் பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடித்தால், அப்புறம் யார் வாய் திறப்பார்கள்? உன் தகுதிக்காகத்தான் வேலை கொடுத்தார்கள் என்று நீ நம்புகிறாய். நீ கெட்டிக்காரன்தான். கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் வேலை இல்லாமல் இருக்கிறார்கள், அவர்களை ஏன் கூப்பிடவில்லை?

எனக்கு எல்லாம் சந்தேகமாகத் தெரிகிறது என்பாய். புதுக் கிணறு நல்ல கிணறாகவே இருக்கலாம். சிமெண்டு வளையம் இறக்கியிருக்கிறது, கைப்பம்பு இருக்கிறது என்றாய். ஆலைத் தண்ணீர் இப்போது எந்த வழியாகப் போகிறது என்று கேட்டேன். "பின்னால எங்கயோ போவுதும்மா" என்றாய். அந்த எங்கேயோ எது என்று போய்ப் பார். ஆலையின் பின்வாசலில் தொடங்கி, வாய்க்காலோடு கூடவே நட. மழை மப்பு இல்லாத நாளில் ஒரு தடவையும், நல்ல மழைக்குப் பிறகு ஒரு தடவையும் நட. அது கிணற்றுக்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்று பார். குழியில் தேக்கி வைத்து விடுகிறார்களா, அப்படியே விடுகிறார்களா என்று பார். லயத்து ஜனங்கள் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று வெட்கப்படாமல் விசாரி. துரை வீட்டுத் தேநீருக்கு எந்தத் தண்ணீர் கொதிக்கிறது என்று அவர் சமையல்காரனைக் கேள். பெரிய கிராணி வீட்டுக்குச் சாக்கு மூடின வண்டி வருகிறதா என்று பார். முரண்டு பிடிக்கிறவர்களை மிரட்டாதே, உட்கார வைத்துக் கேள். அவர்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தின் உட்பக்கத்தைப் பார். இத்தனையும் சரியாக இருந்தால் நான் இங்கிருந்து நடந்தே வந்து அந்தத் தண்ணீரைக் குடிக்கிறேன். சரியில்லை என்றால் வேலை போகும் என்று பயப்படாதே. வேலை போய் வந்தவர்களுக்கு இந்த வீட்டில் சோறு உண்டு, மாடு கழுவ ஆளும் தேவைப்படுகிறது.

இதுவரை எழுதியதைத் தங்கத்துக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பாற்செம்புகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் அடுத்த செம்பை எடுத்துத் துடைத்தாள். போகமாட்டேன் என்று அவள் வாயால் சொல்லுவாள், அதையும் எழுதி முடித்துவிடலாம் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"என்னடி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற?"

"அவரு கூப்ட்டா போவேன் அத்த."

"அந்தத் தண்ணியக் குடிப்பியா?"

"அவரு குடின்னா குடிப்பேன்."

"ஏண்டி, இத்தன நேரம் நான் யாருக்குப் படிச்சேன்?"

"நீங்க எழுதுனது அவருக்குத்தானே. வாய்க்கால நானா போயிப் பாக்க முடியும்? அவரு பாத்துட்டுத்தான் சொல்லுவாரு. பாக்காம எங்கிட்ட குடின்னு சொல்ல மாட்டாரு அத்த."

அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவிட்டேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. நீ பார்த்துவிட்டுத்தான் சொல்லுவாய் என்று அவள் நம்புகிறாள். நீ வந்து அவளை அழைத்துப் போகிற நாளில் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.